பிள்ளைகளிடம் பாடங் கேட்போம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் சர்வகலாசாலை மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஆண்டு விழா மேடைகளிலே பெரியோர் பேசுவதும் இளைஞர் கேட்பதுமே வழக்கம். இளைஞர் பெரியோரிடத்துக் கற்கவேண்டியவை எவையென இம்மேடையிலே அறிஞர் பலர் எடுத்துரைத்திருக்கின்றனர். இன்று செயலாளர் அவர்கள் என்னைப் பேசும்படி பணித்தபோது, அந்த வழக்கத்தைச் சிறிது தலைகீழாக்கிப் பார்க்கலாம் என்று எண்ணினேன். பெரியோர் சிறுவரிடத்துக் கற்கவேண்டியது ஏதேனும் உண்டா? உண்டாயின் அது யாது? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் இன்று குழந்தையுமல்லன். பெரியவர் வரிசையிலே இன்னும் சேர்க்கப்பட்டவனுமல்லன். நட்டாற்றிலே நிற்பவனுக்கு இரு கரையும் தெரியும் அன்றோ? அந்தத் துணிவிலேயே பேசுகின்றேன்.

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடம் உள்ளவை யாவும் நாம் கொள்ளத்தக்கவை என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் பறிப்பார்கள். நினைத்தது உடனே கிடையாவிட்டால் நிலத்திலே புரண்டு அழுவார்கள். இவற்றை நாம் அவர்களிடம் கற்கவேண்டியதில்லை. வளர்ந்த பின்பும் நம்மிடம் இவை போதிய அளவு இருக்கின்றன. நான் சொல்ல வந்தவை இரண்டே. ஒன்று, பிள்ளைகள் கேட்கும் வினா. மற்றொன்று, பிள்ளைகள் ஆடும் விளையாட்டு. இவ்விரண்டுக்கும் அடியிலே ஒரே வேர் ஓடுகின்றது. அந்த வேரைத்தான் நாம் வளரும்போது அறுத்துவிடுகின்றோம் என்பது என் எண்ணம்.

நான்கு வயதுப் பிள்ளை ஒன்றோடு ஒரு பொழுது இருந்து பாருங்கள். நிலா ஏன் எங்களோடு கூடவே நடந்து வருகிறது? கடல் ஏன் உப்பாயிருக்கிறது? பல்லியின் அறுந்த வால் ஏன் துடிக்கிறது? செத்துப்போன அப்பப்பா இப்போது எங்கே இருக்கிறார்? வானம் ஏன் நீலமாயிருக்கிறது? இவற்றுள் ஒன்றையேனும் அற்பமான வினா என்று சொல்ல முடியுமா? அப்பப்பா எங்கே என்னும் வினாவை வைத்துத்தான் உலகத்துச் சமயங்கள் யாவும் பேசுகின்றன. வானம் ஏன் நீலம் என்பதற்கோ, விஞ்ஞானம் செவ்விய விடை காண 1871 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்திலே றேலிப் பிரபு எனப் பெயர் பெற்ற ஆங்கில விஞ்ஞானி, சூரிய ஒளி வளிமண்டலத்தின் நுண்ணிய துணிக்கைகளாற் சிதறும்போது நீல ஒளியே மிகுதியாகச் சிதறுகின்றது என்று அவ்வாண்டிலே விளக்கினார். ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகத் தாய்மாரின் இடுப்பிலிருந்தபடி பிள்ளைகள் கேட்ட வினா அது.

அதே வினாவை, முப்பத்திரண்டு வயதிலே, ஒரு பேராசிரியர் கேட்டார். திருச்சிராப்பள்ளியிலே 1888 இல் பிறந்த சி. வி. இராமன் 1921 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலிலே திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கண்ணைக் கவர்ந்தது. கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலமே கடலிலே தெரிகின்றது என்று றேலிப் பிரபு முன்னரே சொல்லியிருந்தார். அத்தகைய பெரியவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு இராமன் உறங்கப் போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தம்மிடமிருந்த சிறு கருவி ஒன்றினாலே வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை. கடல் நீர் தானே ஒளியைச் சிதறச் செய்கின்றது என்று கண்டார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு ஏழாண்டுகள் உழைத்ததன் பயனாக, 1928 பெப்ரவரி 28 ஆந் திகதி, இன்று அவர் பெயரால் வழங்கும் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. 1930 இல் நொபெல் பரிசு கிடைத்தது. கப்பலிலே அன்று எத்தனையோ பேர் பயணஞ் செய்திருப்பர். எல்லோர் கண்ணுக்கும் கடல் நீலமாகவே தெரிந்திருக்கும். பிள்ளையைப் போல ஏன் என்று கேட்டவர் ஒருவர்.

அப்படியானால் மற்றவர்களிடமிருந்த வினா எங்கே போயிற்று? பிறக்கும்போது எல்லோரும் வினாவோடுதான் பிறக்கின்றோம். அது எவ்விடத்திலே தொலைகின்றது?

இங்கிலாந்திலே பார்பரா ரிசாட், மார்ட்டின் ஹியூஸ் என்னும் இரு ஆய்வாளர் நான்கு வயதுச் சிறுமியர் 30 பேருடைய பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்து, 1984 இல் நூலாக வெளியிட்டனர். வீட்டிலே தாயோடு இருக்கும்போது அச்சிறுமியர் ஒரு மணி நேரத்துக்குச் சராசரி ஏறக்குறைய 26 வினாக்கள் கேட்டனர். பாலர் பாடசாலையிலே அவர்களே கேட்ட வினாக்கள் மணிக்கு ஏறக்குறைய 2. அதே பிள்ளைகள், அதே வாய். சோறாக்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் பேசும் தாயிடம் கேட்கத் தோன்றியது, கற்பிப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆசிரியையிடம் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பாடசாலைகளிலே பிரம்பு இல்லை; அதட்டல் இல்லை. அங்கேயே இந்த நிலையென்றால், நமது பாடசாலைகளைப்பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பாடசாலையை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. நமது வீடுகளிலும் வினாவுக்கு என்ன மரியாதை கொடுக்கின்றோம்? “பெரிய ஆக்கள் கதைக்கிற இடத்திலை உனக்கென்ன வேலை?” என்கின்றோம். “வாயைப் பொத்திக்கொண்டு படி” என்கின்றோம். சிறிது துடுக்காகக் கேட்டுவிட்டால், அதற்கென்றே நமது மொழியிலே ஒரு சொல் ஆயத்தமாக இருக்கின்றது: அதிகப்பிரசங்கி. பத்து வயதுக்குள் இச்சொல்லைக் கேளாது வளர்ந்தவர் இம்மண்டபத்திலே எத்தனை பேர் இருப்பர் என்று எண்ணிப் பார்க்கின்றேன்.

நாம் ஏன் இவ்வாறு அதட்டுகின்றோம்? நேரமில்லை என்போம், களைப்பு என்போம். அவையும் உண்மையே. ஆயினும் அவற்றுக்கு அடியிலே வேறொன்று இருக்கின்றது. அநேக வேளைகளிலே நமக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாயிருக்கின்றது. அந்த வெட்கத்தைக் கோபத்தாலே மூடிவிடுகின்றோம். பிள்ளைக்கு அறியாமை ஒரு வெட்கமன்று. அறியாததைக் கண்டால் அதன் முகம் மலர்கின்றது. கை நீட்டி அதைத் தொடப் பார்க்கின்றது. வளர்ந்த நமக்கோ அறியாததைக் கண்டால் முகம் சுருங்குகின்றது. அதை மறைக்கப் பார்க்கின்றோம். பிள்ளைக்கும் பெரியவர்க்கும் உள்ள பெரிய வேறுபாடு வயதிலே அன்று, இந்த வெட்கத்திலேதான் இருக்கின்றது என்று நான் கருதுகின்றேன்.

இந்த வெட்கம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கின்றேன். 1963 ஆம் ஆண்டு. இன்று தன்சானியா என வழங்கும் ஆபிரிக்க நாடு. அங்கே ஒரு பாடசாலை. எரஸ்தோ எம்பெம்பா என்னும் மாணவனும் அவன் தோழரும் ஐஸ்கிறீம் செய்து பழகினர். பாலைக் காய்ச்சிச் சீனி கலந்து, ஆறிய பின்பு குளிர்ப்பெட்டியிலே வைப்பது வழக்கம். ஒருநாள் பெட்டியிலே இடம் போய்விடுமே என்ற அவசரத்திலே, எம்பெம்பா சூடாறாத பாலையே வைத்துவிட்டான். அவ்வேளையிலே மற்றொரு மாணவன் காய்ச்சாத பாலை வைத்தான். ஒன்றரை மணி நேரங் கழித்துத் திறந்து பார்த்தபோது, சூடாக வைத்த பால் உறைந்திருந்தது, மற்றது உறையவில்லை. எம்பெம்பா வியந்து, ஏன் என்று ஆசிரியரிடம் கேட்டான். நீ ஏதோ குழம்பிவிட்டாய், அவ்வாறு நிகழாது என்று அவர் தள்ளிவிட்டார். பின்னர் மேல் வகுப்பிலே மீண்டும் கேட்டபோது, இது உலகத்துப் பௌதிகமன்று, எம்பெம்பாவின் பௌதிகம் என்று ஆசிரியர் கேலி செய்தார். அதன்பின் அவன் எதிலே பிழைவிட்டாலும் வகுப்பு முழுவதும் அதே கேலியைச் சொல்லிச் சிரித்தது.

அவன் கேட்பதை நிறுத்தவில்லை. தாருஸ்ஸலாம் சர்வகலாசாலைக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஒஸ்போர்ன் என்னும் பேராசிரியர் அப்பாடசாலைக்கு வந்து உரையாற்றினார். வினா உண்டா என்று அவர் கேட்டபோது எம்பெம்பா எழுந்து அதே வினாவைக் கேட்டான். மாணவர் சிரித்தனர். பேராசிரியரும் அது நிகழக்கூடியது என்று நம்பவில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. செய்து பார்க்கின்றேன் என்றார். திரும்பிச் சென்று தம் ஆய்வுகூட உதவியாளரைக் கொண்டு செய்வித்தார். சூடான நீர்தான் முதலில் உறைந்தது, ஆயினும் சரியான முடிவு வரும்வரை தொடர்ந்து செய்துகொண்டிருப்பேன் என்றாராம் அந்த உதவியாளர்! 1969 இல் மாணவனும் பேராசிரியரும் இருவர் பெயராலும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நிகழ்வு இன்று எம்பெம்பா விளைவு என்றே வழங்குகின்றது.

அதன் காரணம் யாது, அது எப்போதும் நிகழ்கின்றதா என்பவைபற்றி விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகின்றனர். 2016 இல் சிலர் அளந்து பார்த்து, அப்படியொரு விளைவே இல்லையென்றும் எழுதினர். ஆகட்டும். நான் இங்கே எடுத்துக்கொள்வது அம்மாணவனின் விடையையன்று, அவ்வினாவின் முன்னே பெரியோர் நின்ற நிலையை. ஓர் ஆசிரியர் வினாவைக் கேலியாக்கினார். மற்றவர் எனக்குத் தெரியாது, பார்ப்போம் என்றார். கல்வியிலே உயர்ந்தவர் யாரோ, அவரே பிள்ளையைப் போல வெட்கமின்றி நின்றார் என்பதைக் கவனியுங்கள்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். பகலிலே வேதாகம வகுப்பில், யார் பெரியவர் என்று வாதாடிய சீடர் நடுவே இயேசுநாதர் ஒரு சிறு பிள்ளையை நிறுத்திக் காட்டிய கதையைக் கேட்பேன். இரவிலே வீட்டில், எங்கள் ஆச்சி கந்தபுராணக் கதை சொல்லுவார். பிரணவத்தின் பொருள் யாது என்று பாலமுருகன் பிரமதேவனைக் கேட்கின்றான். படைப்புக் கடவுளுக்கு விடை தெரியவில்லை. பின்னர் சிவபெருமானே பிள்ளையின் முன்னே மாணவராகச் செவி சாய்க்கின்றார். சுவாமிமலையிலே இன்றும் அப்பிள்ளைக்குச் சுவாமிநாதன் என்று பெயர். மக்கள் வழக்கிலே தகப்பன்சாமி. இரண்டு கதையும் என் சிறு மனத்திலே முரண்படாது ஒன்றாகவே தங்கின. எல்லாம் அறிந்த பரம்பொருள் பிள்ளையிடம் பாடங் கேட்டதனாலே அதன் பெருமை குறைந்தது என்று எவரேனும் சொல்வாரா? நம்முடைய பெருமை மட்டும் ஏன் அவ்வளவு எளிதிலே குறைந்துவிடுகின்றது?

கடோபநிடதத்திலும் ஒரு சிறுவன் வருகின்றான். நசிகேதனின் தந்தை வேள்வி செய்து தானங் கொடுக்கின்றார். கொடுத்த பசுக்களோ பால் வற்றிய கிழப் பசுக்கள். மகன் பார்த்துக்கொண்டு நிற்கின்றான். தந்தையே, என்னை யாருக்குக் கொடுக்கப் போகின்றீர் என்று கேட்கின்றான். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கின்றான். உன்னை யமனுக்குக் கொடுத்தேன் என்று தந்தை சீறுகின்றார். நான் முன்னே சொன்ன வெட்கமும் கோபமும் எத்துணைப் பழையவை என்று பாருங்கள். அச்சிறுவன் யமன் வாயிலிலே மூன்று இரவு காத்திருந்து, பொன்னும் அரசும் வேண்டாமென்று மறுத்து, மரணத்தின் பின் யாது என்னும் வினாவுக்கே விடை கேட்கின்றான். உபநிடதம் என்னும் உயர்ந்த நூலொன்று, அதட்டியும் அடங்காத ஒரு பிள்ளையின் வினாவிலேயே பிறந்தது.

இனி, விளையாட்டுக்கு வருவோம். விளையாட்டும் இதே வேரிலிருந்து முளைத்ததே. வினாவிலே அறியாமைக்கு நாணாத பிள்ளை, விளையாட்டிலே தோல்விக்கு நாணுவதில்லை.

தைமாதம் நெருங்கும்போது நமது ஒழுங்கைகளிலே பட்டங் கட்டும் சிறுவர்களைப் பாருங்கள். ஈர்க்கு வளைத்து, தாள் ஒட்டி, முச்சை கட்டி, வாலும் விட்டு ஏற்றுகின்றான் ஒருவன். பட்டம் இரண்டு பாகம் எழும்பித் தலைகீழாகக் குத்துகின்றது. அவன் தலையிலே கையை வைத்துக்கொண்டு இருக்கின்றானா? இல்லை. முச்சையைச் சிறிது ஏற்றிக் கட்டுகின்றான், வாலை நீட்டுகின்றான், மறுபடியும் ஓடுகின்றான். பத்து முறை குத்தினாலும் பதினோராம் முறை ஓடுகின்றான். குத்திய பட்டம் அவனுக்கு அவமானமன்று. அடுத்த முறை எதை மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் ஆசான். விஞ்ஞானிகள் பரிசோதனை என்று சொல்வதும் இதையேயன்றி வேறன்று. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பொங்கல் நாளிலே நடைபெறும் பட்டப் போட்டியைக் கண்டவர்கள், தலை நரைத்தவர்களும் சிறுவரோடு சிறுவராக நூல் பிடித்து நிற்பதைக் கண்டிருப்பர். அன்று ஒரு பொழுதேனும் அவர்கள் முகத்திலே வயது தெரிவதில்லை.

விளையாட்டு என்றால் கவலையற்ற சோம்பல் என்று எண்ணிவிடக்கூடாது. கிளித்தட்டு ஆடும் பிள்ளைகளுடைய கண்களைப் பார்த்தவர்க்கு அது விளங்கும். கோட்டிலே கால் பட்டதா இல்லையா என்று நீதிமன்றத்திலும் காணாத நுட்பத்தோடு வாதாடுவர். நுங்குக் கோம்பையிலே வண்டி செய்யும் பிள்ளை, சில்லுச் சரியாகச் சுழலும்வரை சாப்பாட்டையும் மறந்திருக்கும். சிரட்டையிலே மண்சோறு காய்ச்சும் சிறுமி அதைப் பரிமாறும்போது காட்டும் சிரத்தை நமது கலியாண வீடுகளிலே இல்லை. கூலிக்காகவும் புகழுக்காகவும் செய்யாமல், அந்தக் காரியத்துக்காகவே செய்வதனால் வரும் சிரத்தை அது. நமது புலவர்கள் இதை நன்கு உணர்ந்தவர்கள். கடவுளையும் பிள்ளையாக்கி, சிற்றிலும் சிறுபறையும் சிறுதேருமாகப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். இறைவன் செயல்களைத் தொகுத்த பரஞ்சோதி முனிவர் அவற்றுக்குத் திருவிளையாடல் என்றே பெயரிட்டார். நமது நாட்டிலே, 1953 இல் மறைந்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர், சமயப் பிரபந்தங்கள் பாடிய அதே நாவினாலே ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளுக்காகப் பாடினார். அதனாலே அவர் புலமை சிறுத்துவிடவில்லை, வீடுதோறும் நிலைத்துவிட்டது.

வளர்ந்த பின்பும் இவ்வாறு விளையாடுவோர் உண்டா என்று கேட்பீர்கள். மன்செஸ்ரர் சர்வகலாசாலையிலே அந்திரே கெயிம் என்னும் பௌதிகவியலாளர், தம் முறையான ஆராய்ச்சிக்குப் புறம்பாக, வெள்ளிக்கிழமை மாலைகளிலே மனம் போனபடி எதையேனும் செய்து பார்க்கும் வழக்கமுடையவர். நெதர்லாந்திலே இருந்த காலத்தில், வலிமை மிக்க காந்தத்தின்மேல் ஒரு தவளையை அந்தரத்திலே மிதக்கவிட்டார். அதற்காக 2000 ஆம் ஆண்டு, உலகத்தைச் சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கென்று வழங்கும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது. அவர் வருந்தவில்லை. பின்னர் அவரும் நோவோசெலோவ் என்னும் இளைஞரும், பென்சிற் கரியாகிய காரீயத்தின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, ஓர் அணு அளவே தடிப்புள்ள கிராபீன் என்னும் படலத்தைப் பிரித்தெடுத்து 2004 இல் வெளியிட்டனர். 2010 இல் அதற்கு நொபெல் பரிசு. ஒட்டுநாடாவை ஒட்டியும் உரித்தும் விளையாடாத பிள்ளை எந்த வீட்டிலே இருக்கின்றது?

என் போன்ற சர்வகலாசாலை மாணவர் தலை குனியவேண்டிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுகின்றேன். கலிபோர்னியாவிலே அலிசன் கொப்னிக் என்னும் பேராசிரியையும் அவருடன் சேர்ந்தோரும் ஒரு சிறு பெட்டி செய்தனர். சில கட்டைகளை அதன்மேல் வைத்தால் விளக்கெரிந்து இசை ஒலிக்கும். எந்தக் கட்டை அதை இயக்குகின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். தனிக் கட்டையால் இயங்காமல், இரண்டு சேர்ந்தாலே இயங்கும்படி அமைத்தபோது, நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் அதை எளிதிலே கண்டுகொண்டனர். சர்வகலாசாலை மாணவரோ, ஒரு கட்டைதான் காரணமாயிருக்க வேண்டும் என்று முன்னரே கொண்ட எண்ணத்தை விடமாட்டாது தடுமாறினர். 2014 இல் வெளியான ஆராய்ச்சி இது. படிப்பு நமக்கு விடைகளைத் தருகின்றது. அதே விடைகள் சில வேளை கண்ணை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகின்றன.

இங்கே ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, விளையாட்டு வயிற்றை நிரப்புமோ?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு விடையை நான் புத்தகத்திலிருந்து தரப்போவதில்லை. உங்கள் வாழ்க்கையிலிருந்தே தருகின்றேன். 1990 ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, கடைகளிலே மின்கலமும் இல்லை. நான் பிறப்பதற்கு முந்திய காலம் அது. சைக்கிளை நிறுத்தி மிதித்து, அதன் டைனமோவிலே வானொலி கேட்டீர்கள். சொட்டு மண்ணெண்ணெயிலே நெடுநேரம் எரியும்படி ஜாம் போத்தலிலே விளக்குச் செய்தீர்கள். அந்த விளக்கிலே படித்துச் சர்வகலாசாலை சென்றவர் பலர். பெற்றோலுக்கென்று செய்த மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயிலே ஓட்டினீர்கள். இவற்றை எந்தப் பாடநூலும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கோம்பை வண்டி செய்த கைகளும், கழற்றிப் பூட்டிப் பார்த்த விரல்களும், பட்டம் குத்தினால் முச்சையை மாற்றிக் கட்டிய அந்தப் பழக்கமுமே உங்களைக் காப்பாற்றின. பெரியோர்களே, வாழ்வின் மிகக் கடினமான நாளிலே நீங்கள் பிள்ளைகளைப் போல வெட்கமின்றிச் செய்து பார்த்தீர்கள், பிழைத்தீர்கள். விளையாட்டு வயிற்றை நிரப்புமா என்ற கேள்விக்கு நீங்களே விடை.

அத்தகைய உங்களுடைய பேரப்பிள்ளைகளை இன்று நாம் எவ்வாறு வளர்க்கின்றோம்? எனக்கு வருத்தந் தரும் இடம் இதுவே. பத்து வயதுப் பிள்ளை ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக, பாடசாலை விட்டு வந்ததும் ரியூசனுக்குப் போகின்றது. அங்கிருந்து வேறொரு ரியூசனுக்குப் போகின்றது. இரவிலே பழைய வினாத்தாள் செய்கின்றது. வினாக் கேட்டுத் திரிந்த பிள்ளைக்கு இப்போது வேறு யாரோ ஆக்கிய வினாவுக்கு விடை எழுதவே நேரம் போதவில்லை. வெட்டுப்புள்ளிக்கு மேலே போன பிள்ளையின் படம் மதிலிலே ஏறுகின்றது. ஒரு புள்ளி குறைந்த பிள்ளை, பத்து வயதிலே, முதன்முறையாக வெட்கம் என்றால் என்னவென்று கற்றுக்கொள்கின்றது. நாம் வாழ்நாள் முழுவதும் சுமக்கும் அந்தச் சுமையை அதன் தோளிலும் ஏற்றிவிடுகின்றோம். பிள்ளைகள் விளையாடுவது அவர்களுக்குரிய உரிமை என்று 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பிள்ளைகள் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை 1991 இல் அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடு. சட்டம் ஏட்டிலே இருக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு நமது ஒழுங்கைகளிலே பிள்ளைகளின் சத்தம் கேட்கின்றதா என்பதே கேள்வி.

பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை எழுதியே நானும் இவ்விடத்துக்கு வந்தேன். வறிய பிள்ளைக்கு அது ஒரு வழியென்பதையும் அறிவேன். ஆனால் வினாவையும் விளையாட்டையும் விலையாகக் கொடுத்து வாங்கும் சித்தி பின்னர் எதற்கு உதவும்? கேட்கக் கூச்சப்படும் மாணவர் எத்தனையோ பேரைச் சர்வகலாசாலை விரிவுரை மண்டபத்திலே நான் காண்கின்றேன். விளங்காததை விளங்கியதுபோல எழுதிக்கொண்டு போகின்றனர். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. கேட்டாற் சிரிப்பார்கள் என்று எங்கோ, எப்போதோ கற்றுவிட்டனர்.

எனவே பேச்சோடு நின்றுவிடாது, நமது சங்கத்தின் முன்னே சில சிறிய வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க மண்டபத்திலே பிள்ளைகளை மேடையிலும் பெரியோரைக் கீழேயும் இருத்துவோம். பிள்ளைகள் கேட்கட்டும், பெரியோர் விடை சொல்லட்டும். அங்கே ஒரே ஒரு விதி: விடை தெரியாதவர் “எனக்குத் தெரியாது, வா, சேர்ந்து பார்ப்போம்” என்று எல்லோருங் கேட்கச் சொல்லவேண்டும். ஊரிலே மதிப்புள்ள ஒருவர் அவ்வாறு சொல்வதை ஒரு பிள்ளை தன் காதாலே கேட்பது, பத்து நூல் படிப்பதிலும் மேலானது என்று நான் நம்புகின்றேன்.

சங்க வளவிலே கிளித்தட்டுக் கோடு மீண்டும் கீறுவோம். பட்டங் கட்டத் தெரிந்த முதியவர்கள் மார்கழி விடுமுறையிலே வந்து சிறுவருக்கு முச்சை கட்டப் பழக்கட்டும். பழக்கும்போது சிறுவர் கட்டும் புதிய முறையையும் பார்த்துப் பழகட்டும். என்னோடொத்த வாலிபர்களே, நமக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டிலே தம்பி தங்கையர் கேட்கும் வினாவைக் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி தட்டிக்கழியாது, ஒரு நாளைக்கு ஒரு வினாவுக்கேனும் முகங் கொடுப்போம்.

பெற்றோர்களே, ஒரு நாளிலே ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். அந்த நேரத்திலே அதற்கு ஒன்றுங் கற்பிக்க வேண்டாம். பக்கத்திலே இருந்து, அது என்ன செய்கின்றது என்று பாருங்கள். அது ஏதேனும் கேட்டால், கேட்ட வினாவைத் திரும்ப ஒருமுறை உங்கள் மனத்துள் நீங்களே கேட்டுப் பாருங்கள். நிலா ஏன் கூடவே வருகின்றது? உண்மையிலே ஏன்?

விடை தெரியாவிட்டால் நல்லது. அங்கேதான் பாடம் ஆரம்பமாகின்றது.